ஒரு ஷில்லிங் விமர்சனம்!

குட்டீஸ், கதைப் புத்தகம் ஒன்றைப் படித்து முடித்ததும், 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'சூப்பர்!' இல்லாவிட்டால், 'ஒரே போர்!' அவ்வளவுதானே? பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நாலைந்து வரிகளில் எழுதித் தந்த கருத்து, உலகப் புகழ் பெற்ற புத்தகம் ஒன்று வெளிவரக் காரணமாக இருந்தது தெரியுமா?

லண்டன் நகரில் ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளர் இருந்தார். சிறுவர் கதை நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பதைச் சிறுவர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும் என்பது அவர் எண்ணம். அதனால், தன்னிடம் வரும் சிறுவர் கதைகளை மகன் ரெய்னரிடம் படிக்கக் கொடுப்பார். படித்துவிட்டுக் கருத்து எழுதித் தந்தால், ஒரு ஷில்லிங் கூலி! அக்காலத்தில், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு.

1936ம் ஆண்டு அக்டோபரில், 'தி ஹாபிட்' என்ற கதை ரெய்னர் கைக்கு வந்தது. எழுதியவர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டோல்கீன். பாதங்களில் முடி அடர்ந்த குள்ள மனிதர் ஒருவர், புதையலைத் தேடிப் போகும் கதை அது.

ரெய்னர் என்ன எழுதினான்? முதலில், கதையைச் சுருக்கமாகச் சொன்னான். பிறகு, வரைபடங்கள் இருப்பதால் வேறு படங்கள் தேவையில்லை என்றான். கடைசியில், ஐந்து முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முடித்தான். பத்து வயதுப் 'பெரிய மனிதர்' அல்லவா!

அவன் சொன்ன எல்லாவற்றையும் பெரியவர்கள் ஏற்கவில்லை. டோல்கீன் வரைந்த படங்களுடன்தான், 1937 செப்டம்பரில் புத்தகம் வந்தது. முதலில் அச்சிட்ட 1,500 பிரதிகளும் அந்த ஆண்டு முடிவதற்குள் தீர்ந்து விட்டன!

ரெய்னர் வளர்ந்து, அப்பாவின் பதிப்பகத்திலேயே சேர்ந்தார். டோல்கீன் அடுத்து எழுதிய, 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்' மிகப் பெரிய கதை. அதை வெளியிட்டால் ஆயிரம் பவுண்டு வரை நஷ்டம் வரலாம் என்று கணக்குப் போட்டார் ரெய்னர். ஆனாலும், அது மாபெரும் படைப்பு என்று அப்பாவுக்கு எழுதினார். 'அப்படி நீ நம்பினால், நஷ்டப்பட்டாலும் பரவாயில்லை' என்று அனுமதி தந்தார் அப்பா. 1954, 55ம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த அந்தக் கதை, இன்று பல மொழிகளில் படிக்கப்படுகிறது. நஷ்டமாவது, ஒன்றாவது!

பார்த்தீர்களா பிள்ளைகளே... ரெய்னர் வெறுமனே 'நல்லாயிருக்கு' என்று சொல்லி நிறுத்தவில்லை. கதை யாரைப் பற்றியது, எது தேவையில்லை, யாருக்குப் பிடிக்கும் என்று மூன்றையும் சொன்னான். நீங்களும் அப்படிச் சொல்லிப் பழகுங்கள். பிடிக்கவில்லை என்றால், எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஆசிரியர் புகழ்ந்த புத்தகமாக இருந்தாலும் சரி. அதில் தவறே இல்லை. அதே புத்தகம் உங்கள் தோழிக்குப் பிடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். நீங்கள் கவனிக்காத ஒன்றை அவள் கவனித்திருப்பாள்!

நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன், உங்கள் நோட்டில் நாலு வரி எழுதி வையுங்கள். ஷில்லிங் கிடைக்காது, அடுத்து அதே புத்தகத்தை எடுக்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் நண்பனுக்கு வழி கிடைக்கும். செய்வீர்கள்தானே?