படகின் கியர் பெட்டியைக் கழற்றுதலும் பூட்டுதலும்

தில்லியின் தென்மேற்கே அமைந்த துவாரகாவில் கடல் இல்லை; குஜராத்தின் கடற்கரைத் துவாரகையின் பெயர் மட்டுமே உண்டு. ஆயினும், இங்கு வாழும் தமிழருள் கடலோர ஊர்களைச் சேர்ந்தோரும் உளர். கோடை விடுமுறையில் ஊர் செல்லும் நாம் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் விசைப்படகுகள் ஓய்ந்து நிற்பதைக் காண்கிறோம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் அவை மீன்பிடிக்கச் செல்லத் தடை உண்டு. எஞ்சினையும் கியர் பெட்டியையும் பழுதுபார்க்க உகந்த காலம் அதுவே.

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்ற ஐயம் எழலாம். நம் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகை வலம் வந்து, 2025 மே 29 அன்று திரும்பினர். நெடுங்கடலில் காற்றே துணை. ஆனால் நெருக்கடியான துறைமுகத்தில் நுழையவும், நிற்கவும், பின்னோக்கி நகரவும் பாய்மரப் படகுகளுக்கு டீசல் எஞ்சின் தேவைப்படுகிறது.

எஞ்சின் விரைவாகச் சுழல்வது. நீரைத் தள்ளும் விசிறியோ அதனினும் மெதுவாகச் சுழன்றால்தான் நன்கு பயன்படும். அவ்வேகத்தைக் குறைப்பதும், முன்னும் பின்னும் திசை மாற்றுவதும் கியர் பெட்டியின் பணி. எண்ணெய் கசிந்தாலும், கிளட்ச் நழுவினாலும், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் டாம்பர் தட்டின் சுருள்கள் முறிந்தாலும் பெட்டியைக் கழற்ற நேரிடும்.

முதலில் பாட்டரி இணைப்பை நீக்கி, எண்ணெயை வடித்து, கியர் மாற்றும் கம்பியைக் கழற்ற வேண்டும். விசிறித் தண்டையும் பெட்டியையும் சேர்க்கும் இரு பிளாஞ்சுகளிலும் அடையாளக் கோடு இட்ட பின்னரே போல்ட்டுகளை அவிழ்க்கலாம். படகு நீரில் மிதக்கும்போது தண்டைச் சிறிதளவே பின்னுக்குத் தள்ளிக் கட்டி வைக்க வேண்டும். தண்டு முற்றிலும் நழுவி வெளியேறினால் அத்துளை வழியே கடல்நீர் புகுந்து படகே மூழ்கக்கூடும்.

சில எஞ்சின்களின் பின்புறத் தாங்கிகள் கியர் பெட்டியிலேயே அமைந்திருக்கும். அவ்வாறாயின் எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்காமல் எதையும் அவிழ்த்தலாகாது. பெட்டியை நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதன் பாரம் உள்தண்டின் மீது தொங்கினால் தண்டும் டாம்பர் தட்டும் கெடும். பெட்டி வெளிவந்ததும் தட்டின் சுருள்களையும், தண்டின் பற்களையும், எஞ்சினின் பின்புற எண்ணெய்ச் சீலையும் பார்த்துவிடுவது நன்று. மறுமுறை அங்கே கை எட்டாது.

மீண்டும் பூட்டுகையில் பற்கள் தாமே பொருந்த வேண்டும். போல்ட்டை முறுக்கி வலிந்து இழுத்தால் ஏதேனும் ஒன்று உடையும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குதல் முறை.

இறுதியாக நேர்மை பார்த்தல். இரு பிளாஞ்சுகளையும் நெருக்கி, இடைவெளியைப் பீலர் கேஜ் கொண்டு நான்கு இடங்களில் அளக்க வேண்டும். விட்டத்தின் ஓர் அங்குலத்திற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குல வேறுபாடே பொதுவாக ஏற்கப்படும். 4 அங்குலப் பிளாஞ்சு எனில் 0.1 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தாளின் கனம்! கரையில் நிற்கும் படகின் உடல் நீரில் இறங்கியதும் சற்றே வளையும். ஆகவே மிதக்கவிட்ட பின்னர் மறுபடி அளப்பது இன்றியமையாதது. இதைத் தவிர்த்தால் அதிர்வினால் தாங்கிகளும் சீல்களும் விரைவில் தேயும்.

எண்ணெய் எவ்வகை என்பது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்; தயாரிப்பாளர் கையேட்டைப் பின்பற்றுவதே பொருத்தம். பின்னர்ப் படகைக் கரையில் இறுகக் கட்டி, முன்னும் பின்னும் இயக்கிப் பார்த்து, எண்ணெய் அளவை மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

நடுக்கடலில் பட்டறை இல்லை. கரையில் நாம் காட்டும் பொறுமையே அங்கே செல்வோரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறது.