கல்லுடைத்த இருவர்: ஓவியத்தில் யதார்த்தவாதம்

நேயர்களே, நாவலையும் சிறுகதையையும் பற்றிப் பேசும்போது 'யதார்த்தவாதம்' என்ற சொல்லை நாம் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். ஆனால் ஐரோப்பாவில் அச்சொல் பெரும் சர்ச்சைக்குரியதானது பெருமளவுக்கு ஓவியத்தை முன்னிட்டுத்தான். ஆகவே இன்று எழுத்தைச் சற்று ஒதுக்கிவைத்து ஓவியத்தின் பக்கம் திரும்புவோம்.

ஓவியத்தில் யதார்த்தம் என்றால் உள்ளதை உள்ளபடி கீறுவது என்றே பலரும் விளங்கிக்கொள்கிறார்கள். அப்படியானால் ரவிவர்மாவின் இலக்குமியும் யதார்த்தவாத ஓவியம்தானா? சேலையின் சரிகை மினுங்குகிறது. முகத்தில் இரத்த ஓட்டம் தெரிகிறது. தாமரை இதழ் கையால் தொடலாம் போலிருக்கிறது. இதனைத் தத்ரூபம் என்று சொல்லலாம். ஐரோப்பியத் தைலவர்ண முறையை ரவிவர்மா நன்கு கைவரப்பெற்றிருந்தார். ஆனால் தத்ரூபம் வேறு, யதார்த்தவாதம் வேறு. முன்னது கையின் திறமை. பின்னது எதைக் கீறுவது, யாரைக் கீறுவது என்ற தெரிவைப் பற்றியது. என் பேச்சின் சாரம் இவ்வளவுதான்; மிகுதி அதற்கான விளக்கம்.

பிரான்சில் குஸ்தாவ் கூர்பே என்ற ஓவியர் 1819 இல் ஓர்னான் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1849 இல் அவர் தெருவோரத்தில் கல்லுடைத்துக்கொண்டிருந்த இருவரைக் கண்டார். ஒருவர் முதியவர், மற்றவன் இளைஞன். அவர்களையே தமது ஓவியக்கூடத்துக்கு வரச்செய்து கீறினார். 'கல்லுடைப்போர்' என்ற அவ்வோவியம் ஏறத்தாழ ஐந்தரை அடி உயரமும் எட்டரை அடி அகலமும் கொண்டது.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதியவர் ஒரு காலை மடக்கி முழந்தாளிட்டுச் சுத்தியலை ஓங்குகிறார். தொப்பியின் நிழல் அவர் முகத்தை மறைக்கிறது. காலில் மரச்செருப்பு, அதற்குமேல் குதிகாலில் ஓட்டை விழுந்த காலுறை. இளைஞன் நமக்கு முதுகைக் காட்டியபடி கல் நிறைந்த கூடையை முழங்காலில் தாங்குகிறான். அவனுடைய சட்டை கிழிந்திருக்கிறது. பின்னால் மலைச்சரிவு வானத்தை ஏறக்குறைய முழுவதுமே அடைத்துவிடுகிறது. மேல் மூலையில் மட்டும் சிறு நீலத்துண்டு. இருவர் முகமும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஆகவே, 'ஐயோ பாவம்' என்று நாம் இரங்குவதற்கு ஏற்ற கண்ணீர் முகம் எதனையும் கூர்பே தரவில்லை. எனக்கு இந்த ஓவியத்தில் மிகவும் பிடித்தது இதுதான். இந்தத் தொழிலில் இளைஞனாகத் தொடங்குபவன் அந்த முதியவரைப்போலத்தான் முடிகிறான் என்ற பொருள்பட அவர் தம் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். படத்திலும் ஒரே வாழ்வின் இரு முனைகளாகவே அவ்விருவரும் நிற்கிறார்கள்.

அடுத்து அவர் கீறியது 'ஓர்னானில் ஒரு மரணச்சடங்கு'. சுமார் 10 அடி உயரம், 22 அடி அகலம். நாற்பதுக்கும் மேற்பட்டோர், ஏறக்குறைய ஆளுயரத்தில், வரிசையாக நிற்கிறார்கள். ஊர் மேயர், பாதிரியார், குழிவெட்டுபவர், கூர்பேயின் சகோதரிகள் எனப் பலரும் அந்த ஊர்க்காரர்களே. நடுவில் தோண்டிய குழி. பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு நாய்.

இவ்விரு ஓவியங்களும் 1850–51 பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. காரணம் அளவுதான். அக்காலக் கலைமரபில் பெரிய கன்வஸ் அரசருக்கும் போர்வீரருக்கும் விவிலிய, புராண மாந்தருக்கும் உரியது. குடியானவரைக் கீறலாம், ஆனால் வரவேற்பறைச் சுவரில் மாட்டக்கூடிய சிறிய படமாக, அழகாக, அடக்கமாகக் கீறவேண்டும். பேரரசனின் முடிசூட்டுக்கு உரிய அளவைப் பேர் தெரியாத ஒருவரின் புதைகுழிக்குக் கொடுத்தார் கூர்பே. இவர் அசிங்கத்தை வழிபடுகிறார் என்று விமர்சகர்கள் சீறினார்கள். 1960களில் நம் நாட்டில், கீழ்மட்ட மக்களின் பேச்சையும் வாழ்வையும் எழுதியவர்கள்மீது 'இழிசனர் இலக்கியம்' என்று வீசப்பட்ட வசை சில நேயர்களுக்கு நினைவுக்கு வரக்கூடும்.

1855 இல் பாரிஸ் சர்வதேசப் பொருட்காட்சியின் தெரிவுக்குழு அவரது சில ஓவியங்களை ஏற்று, 'மரணச்சடங்கு' உட்படப் பெரியவற்றை நிராகரித்தது. கூர்பே பொருட்காட்சிக்கு அருகிலேயே தமது செலவில் ஒரு மண்டபம் அமைத்து, 'யதார்த்தவாதம்' என்று பெயரிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். வந்தவர் தொகை அதிகமில்லை. வந்தவர்களுள் ஒருவர் டெலக்குருவா. எதிர்ப்பள்ளியின் தலைமகன் எனத்தக்க அந்த ஓவியர், நெடுநேரம் தனித்து நின்று பார்த்துத் தமது நாட்குறிப்பில் வியந்து எழுதினார்.

யதார்த்தவாதத்துக்கு வர்ணமும் கட்டாயமில்லை. கூர்பேக்கு முன்பே, 1834 ஏப்ரிலில், பாரிஸில் திரான்ஸ்னொனேன் வீதியிலுள்ள வீடொன்றில் படையினர் புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். ஒனொரே டோமியே அதைக் கல்லச்சுப் படமாக, கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார். இரவுச்சட்டையோடு ஒருவர் கட்டிலோரம் விழுந்து கிடக்கிறார். அவர் உடலின்கீழ் ஒரு குழந்தை. சுடுபவர் யாரும் படத்தில் இல்லை. வாள்வீச்சு இல்லை. முடிந்துபோன ஓர் அறை மட்டுமே. அரசு அதன் பிரதிகளைத் தேடிப் பறிமுதல் செய்தது என்றால், கோடுகளின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம்.

மறுபுறம், வான்கோவின் 'உருளைக்கிழங்கு உண்போர்' (1885) தத்ரூபத்திலிருந்து வெகுதூரம் விலகியது. முகங்கள் கரடுமுரடானவை, கைகள் முடிச்சுமுடிச்சானவை. மண்ணைக் கிண்டிய அதே கைகளே தட்டுக்கும் நீளுகின்றன என்பதைக் காட்டவே அப்படிக் கீறினார். இதனை யதார்த்தவாதத்தின் வழிவந்த படைப்பு என்பேன். மெழுகுபோல் மினுங்கும் பல 'உயிரோவியங்களை' அப்படிச் சொல்லமாட்டேன். இதில் சிலர் என்னோடு முரண்படுவார்கள்.

கூர்பே 1871 பாரிஸ் கொம்யூனில் பங்குகொண்டு சிறை சென்றார். வாந்தோம் தூண் வீழ்த்தப்பட்டதற்கு மூன்று இலட்சம் பிராங்குக்கு மேல் ஈடு கட்டும்படி பணிக்கப்பட்டு, சுவிற்சர்லாந்துக்குப் போய் 1877 இன் கடைசி நாளில் அங்கேயே இறந்தார். 'கல்லுடைப்போர்' ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் போயிருந்தது. 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சில் அது அழிந்தது. நமக்குக் கிடைப்பவை அதன் புகைப்படங்களும் அச்சுப் பிரதிகளுமே. 'மரணச்சடங்கு' பாரிஸின் ஓர்சே அரும்பொருளகத்துக்கு உரியது. அந்நகரில் உறவினரைப் பார்க்கப் போகும் நேயர்கள் ஒரு நாளை அதற்கென ஒதுக்குங்கள். 22 அடி அகலம் என்பது புத்தகப் படத்தில் விளங்காது.