சிவப்பு என்றால் கோபமா?

ஓவியக் கண்காட்சியில் தலையை லேசாகச் சாய்த்து, மோவாயைத் தடவி, 'ம்ம்...' என்று சொல்லத் தெரிந்தால் பாதிப் பேர் உங்களை ரசிகர் என்று நம்பிவிடுவார்கள். மீதிப் பேருக்கு, "அந்தச் சிவப்புல ஒரு கோபம் தெரியுது, பாருங்க!" என்று ஒரு போடு போட்டால் போதும். சிவப்பு கோபம், நீலம் சோகம், பச்சை அமைதி. கோனார் நோட்ஸ் மாதிரி சுலபம். ஆனால் இந்த நோட்ஸை நம்பி வான்கோவிடம் போனால் ஃபெயில்தான்.

1888 செப்டம்பர். தெற்கு பிரான்ஸில் ஆர்ல் என்கிற ஊர். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு கஃபேயை மூன்று இரவு கண்விழித்து வரைந்தார் வான்கோ. பகலில் தூங்கினார். (ஆபீஸ் கிடையாதே!) சுவரெல்லாம் ரத்தச் சிவப்பு. நடுவில் பச்சை பில்லியர்ட்ஸ் மேஜை, மேலே பச்சைக் கூரை, நாலு எலுமிச்சை மஞ்சள் விளக்குகள். ஓரமாக மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கும் மனிதர்கள். நோட்ஸ்படி பச்சை அமைதி ஆயிற்றே? இங்கே வயிற்றைக் கலக்குகிறது. மனுஷனின் பயங்கர உணர்ச்சிகளைச் சிவப்பாலும் பச்சையாலும் காட்டப் பார்த்தேன் என்று தம்பி தியோவுக்கு எழுதினார்.

காரணம் கண்ணில் இருக்கிறது. ஒரு சிவப்பு ஃபைலை அரை நிமிஷம் முறைத்துப் பாருங்கள். (மேனேஜர் பார்க்காதபோது.) பிறகு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலம் கலந்த பச்சையாக ஒரு ஃபைல் மிதக்கும். எதிரும் புதிருமான இரண்டு நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று ஏற்றிவிடும். பாரிஸின் கோப்லென் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரல் என்ற வேதியியல்காரர், 'கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது' என்ற புகாரை விசாரிக்கப் போனார். சாயம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து நிறம்தான் வில்லன். 1839-ல் இதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். வான்கோவுக்கு இந்த விதி அத்துப்படி.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த மாதமே இதே விதியை வைத்துத் தன் படுக்கையறையை வரைந்தார். இந்தத் தடவை அவருக்கு வேண்டியது ஓய்வு. வெளிர் ஊதாச் சுவர், வெண்ணெய் மஞ்சள் கட்டில். இதுவும் எதிரும் புதிருமான ஜோடிதான். ஆனால் அடங்கிய குரலில் பேசுகிறது. அதே ரேடியோதான், கஃபேயில் வால்யூம் முழுசாகத் திருகியிருக்கிறது.

இன்று ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் அந்தச் சுவர் ஊதா இல்லை, நீலம்! ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது. புது ரகச் சாயங்கள் மங்கும் என்று அவருக்கே தெரியும். அதனால் கொஞ்சம் தூக்கலாகவே பூச வேண்டும் என்று எழுதியும் இருக்கிறார். தூக்கலாகப் பூசியும் தப்பவில்லை.

நம்ம நோட்ஸ் கோஷ்டி சும்மா இருக்குமா? நீலச் சுவரைக் காட்டி, "எவ்வளவு தனிமை, எவ்வளவு சோகம்!" என்று உச்சுக் கொட்டும். டிசம்பரில் அவர் காதை அறுத்துக்கொண்டது நமக்குத் தெரியும். அந்தக் கத்தியை அக்டோபர் மாதத்துக் கட்டிலுக்கு அடியில் தேடுகிறோம் என்பது என் சந்தேகம்.

படத்தில் இருப்பது இரண்டு நாற்காலி, இரண்டு தலையணை, ஒரு சிவப்புப் போர்வை. கண் களைத்துப்போயிருந்த சமயத்தில் வரைந்தது என்று அவர் கடிதமே சொல்கிறது. ஆசாமிக்குத் தூக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.