எண்ணிக்கையும் சிக்கனமும்

கைபேசி வாங்கக் கடைக்குச் செல்லும் நம்மவர் முதலில் கேட்பது, “எத்தனை கோர்?” என்பதே. நான்கு என்றால் முகம் சுளிக்கின்றனர். எட்டு என்றால் பணத்தை எடுத்து வைக்கின்றனர். பிராஸசரினுள் ஒரே சில்லில் அமைந்துள்ள தனித்தனிக் கணக்கு மூளைகளே கோர் எனப்படுவன. அவற்றின் தொகையே கருவியின் பெருமை என்னும் அபிப்பிராயம் தவறானது என்பதை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

கோர்கள் பெருகியது ஆடம்பரத்தினால் அன்று, நெருக்கடியினால். டிரான்ஸிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போகலாம். ஆதலால் அதே இடத்தில் அதிக டிரான்ஸிஸ்டர்களை அடைத்து வேகமாக ஓட்டினாலும் உஷ்ணம் ஏறாது என்று 1974-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் விளக்கினர். சுமார் முப்பது ஆண்டுகள் இவ்விதி கைகொடுத்தது. பின்னர் மின்னழுத்தத்தை அவ்வாறு தாழ்த்த இயலவில்லை. சும்மா இருக்கும் டிரான்ஸிஸ்டரிலும் மின்சாரம் கசியலாயிற்று. 2004-ல் வந்த 3.8 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 பிராஸசரின் உஷ்ணக் கணக்கு 115 வாட். 4 கிகாஹெர்ட்ஸ் பிராஸசரைக் கொணரும் உத்தேசத்தை அவ்வாண்டிலேயே இண்டெல் கம்பெனி கைவிட்டது. மறு ஆண்டு அது இரண்டு கோர் பிராஸசரைக் கடைக்கு அனுப்பியது.

இதன் கணக்கு எளிது. மின்சாரச் செலவு வேகத்தை ஒட்டியும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டியும் ஏறுகிறது. இரண்டையும் நூற்றுக்கு 30 குறைத்தால் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அத்தகைய கோர்கள் இரண்டை அமர்த்தினால், பழைய செலவில் நூற்றுக்கு 69-க்குள், நூற்றுக்கு 40 அதிகமாக வேலை நடக்கும். ஆனால் வேலையைப் பங்கிட முடிந்தால்தான் இந்த லாபம். ஒருவர் முடித்த பின்னரே மற்றவர் தொடங்கவேண்டிய காரியத்திற்கு எட்டுப் பேரை அமர்த்திப் பயன் என்ன? ஜீன் ஆம்டால் 1967-லேயே எச்சரித்தது இதைத்தான். 2015-ல் ஆப்பிளின் ஐபோன் 6எஸ் இரண்டே கோர்களுடன் வந்தது. எட்டு கோர் கைபேசிகள் பலவற்றிற்கு அது சற்றும் பின்வாங்கவில்லை.

ஆகவே தொகையினும் நிர்வாகமே பெரிது. 2011-ல் ஆர்ம் நிறுவனம், பளுவான வேலைக்குப் பெரிய கோர்களும் இலேசான வேலைக்குச் சிறிய கோர்களும் என இருவகையையும் ஒருங்கே அமைக்கும் முறையை அறிவித்தது. வேலையில்லாத கோருக்கு மின்சாரத்தையே அறுத்துவிடுவதும் வழக்கமாயிற்று. ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸில், கோர்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதிக்குக் ‘கவர்னர்’ என்றே பெயர்! 2019-ல் வெளிவந்த அதன் 5.0 பதிப்பில், எந்த வேலையை எந்தக் கோரிடம் ஒப்படைத்தால் மின்சாரம் மிச்சப்படும் என்று கணக்கிட்டுப் பங்கிடும் ஏற்பாடும் சேர்ந்தது.

இவ்வளவு அரும்பாடுபட்டுச் சேமித்ததை வாரி இறைப்பவர் யார்? செயலி எழுதுவோரில் பொறுப்பற்றவர்களே. விளம்பரத்தைப் புதுப்பிக்கவும், நாம் எங்கிருக்கிறோம் என்று வேவு பார்க்கவும், உறங்கும் கோரை ஓயாமல் தட்டி எழுப்புகின்றனர். இரவெல்லாம் ஒருவரும் தொடாத கைபேசி விடியற்காலையில் சக்தியிழந்து கிடக்கிறதென்றால், குற்றத்தை பாட்டரியின் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் கிராமத்தில் இருக்கும் மாணவனுக்கும் குடியானவனுக்கும் இது அற்ப விஷயம் அன்று. அவசர வேளையில் பேச முடியுமா, முடியாதா என்பதே இங்குள்ள கேள்வி.

செயலி எழுதுவோர் பிறர் வீட்டு மின்சாரத்தைத் தம்முடையதைப் போல மதிக்கவேண்டும். வாங்குவோரும், “எத்தனை கோர்?” என்பதை விடுத்து, “ஒரு முறை சக்தியேற்றினால் எத்தனை மணி நேரம் உழைக்கும்?” என்று கேட்கப் பழகவேண்டும். அக்கேள்வி கடைதோறும் எழுமாயின், விற்பவர் விடையுடன் வந்தே தீருவர்.