தொண்ணூற்றைந்து எந்த எஞ்சினுக்கு உரியது?

இலங்கையின் எரிபொருள் நிரப்பு நிலையங்களில் பெற்றோல் ஒக்டேன் 92, ஒக்டேன் 95 என்னும் இரண்டு எண்களால் அறியப்படுகிறது. இவற்றுள் 92 நாடெங்கும் கிடைப்பது. 95 நகரங்களிலும் வாகன நடமாட்டம் மிகுந்த வீதிகளிலும் கிடைக்கிறதே தவிர, ஒவ்வொரு நிலையத்திலும் கிடைப்பதில்லை. கிழக்குக் கரையோரத்து ஆலையடிவேம்பிலிருந்து வடக்கே கல்முனை வழியாக மட்டக்களப்புக்கும் தெற்கே பொத்துவில் வழியாக மொனராகலைக்கும் செல்லும் ஏ4 வீதியில் நீண்ட தூரம் ஓடும் வாகனத்தின் உரிமையாளருக்கு, எந்த எண்ணை நிரப்புவது என்பதோடு, அந்த எண் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்பதும் உண்மையான கேள்வியாகிறது. விலை கூடியதாலும் எண் பெரியதாலும் 95 கூடுதல் வலுவுள்ள பெற்றோல் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. அதை நம்பித் தேவையற்ற வாகனத்துக்கு 95 நிரப்புவோர் பணத்தை இழக்கிறார்கள், அதற்கு மறுதலையாக, 95 கட்டாயமான வாகனத்துக்கு மலிவு கருதி 92 நிரப்புவோர் எஞ்சினையே பணயம் வைக்கிறார்கள்.

பெற்றோல் எஞ்சினின் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை முசலம், அதாவது பிஸ்டன், மேலெழுந்து நெருக்குகிறது. நெருக்கப்படும் எந்த வாயுவும் சூடேறும் என்பதால் கலவையின் வெப்பநிலை விரைந்து உயர்கிறது. உரிய கணத்தில் பிளக் எழுப்பும் தீப்பொறியிலிருந்து தீ ஒழுங்கான அலையாகப் பரவ வேண்டும். ஆனால் அந்த அலை உருளையின் மூலைகளைச் சென்றடையும் முன்பே, அங்கு எஞ்சியிருக்கும் கலவை தன் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானாகவே பற்றிக்கொண்டால், எரிதல் திடீர் வெடிப்பாக மாறி, உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசையை எழுப்புகிறது. கராஜ்களில் இதை ‘எஞ்சின் தட்டுது’ என்றும் ‘நொக்கிங்’ என்றும் சொல்வார்கள். மெல்லிய தட்டல் சில கணம் நிகழ்ந்து மறைந்தால் கேடு பெரிதல்ல; கடும் பாரத்தில் அது தொடர்ந்தால் முசலத்தின் தலை அரிக்கப்படுவதும் வளையங்கள் உடைவதும் உருளைத் தலையின் அடைப்புத் தகடு எரிவதும் நிகழக்கூடியவை.

பெற்றோல் இவ்வாறு தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை அளக்கும் எண்ணே ஒக்டேன் எண். 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இதற்கான அளவுகோலை முன்வைத்தார்: தட்டலை நன்கு எதிர்க்கும் ஐசோஒக்டேன் என்னும் சேர்மத்துக்கு 100 என்றும், மிக எளிதில் தட்டும் ஹெப்டேன் என்னும் சேர்மத்துக்கு 0 என்றும் மதிப்பிட்டு, சோதிக்கப்படும் பெற்றோல் இவ்விரண்டின் எந்தக் கலவையைப் போல நடந்துகொள்கிறதோ அக்கலவையில் உள்ள ஐசோஒக்டேனின் சதவீதத்தை அதன் எண்ணாகக் கொள்வது. ஆகவே 95 என்றால், 95 பங்கு ஐசோஒக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவைக்கு நிகராகத் தட்டலை எதிர்க்கும் பெற்றோல் என்று பொருள். அந்தப் பெற்றோலில் உண்மையிலேயே 95 சதவீதம் ஒக்டேன் இருக்க வேண்டும் என்பதில்லை.

எண்ணுக்கும் ஆற்றலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு எதனோல் தெளிவான சான்று. அதன் ஒக்டேன் எண் 100ஐத் தாண்டியது. ஆயினும் ஒரு லீற்றர் எதனோல் எரிந்து தரும் வெப்பம், ஒரு லீற்றர் பெற்றோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. இதன் மறுமுனையைக் கிழக்குக் கரையோரத்திலேயே காணலாம். சிறு ஃபைபர் படகுகளின் பின்புறம் பொருத்தப்படும் மண்ணெண்ணெய் எஞ்சின்கள், தட்டலை எதிர்க்கும் திறன் பெற்றோலைவிட மிகவும் தாழ்ந்த ஓர் எரிபொருளில், பெற்றோலால் முடுக்கிச் சூடேற்றியபின், கடலில் மணிக்கணக்காக ஓடுகின்றன. கலவையைக் குறைவாக நெருக்கும்படி அவை அமைக்கப்பட்டிருப்பதே காரணம். இத்தகைய எஞ்சினில் 95 ஒக்டேன் பெற்றோலை ஊற்றினாலும் அது ஓர் இம்மிகூட வேகம் பெறாது. எரிபொருளின் எண் எஞ்சினின் அமைப்புக்கு ஏற்றதா என்பதே எங்கும் கேள்வி.

அப்படியானால் உயர்ந்த எண் எதற்குத் தேவைப்படுகிறது? கலவையை அதிகம் நெருக்கினால், அதே அளவு எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையைப் பெறலாம் என்பது வெப்ப இயக்கவியலின் அடிப்படை. முசலம் அடிநிலையில் இருக்கும்போது உள்ள கொள்ளளவு, அது மேல்நிலைக்கு வரும்போது எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதை நெருக்கல் விகிதம் என்பர். வலு மிகுந்த கார்கள் ஒன்று இவ்விகிதத்தை உயர்த்துகின்றன, அல்லது டர்போ என்னும் காற்றமுக்கியால் உருளைக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கின்றன. இரண்டு வழியிலும் தட்டும் அபாயம் உயர்வதால், தாக்குப்பிடிக்கும் பெற்றோல் அவற்றுக்கு வேண்டியிருக்கிறது. வலுவைத் தருவது எஞ்சினின் அமைப்பு. அந்த வலுவை வெளிப்படுத்த எஞ்சினுக்கு இடம்தருவது மட்டுமே உயர் ஒக்டேன் பெற்றோலின் பணி.

இந்த இடத்தில் எண்களை மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாறக்கூடும். இலங்கை வீதிகளில் மிகுதியாக ஓடும் டொயோட்டா அக்குவா கலப்பினக் காரின் நெருக்கல் விகிதம் 13.4; கார்ப் பந்தயங்களில் பெயர்பெற்ற மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் காரின் ஒன்பதாம் வகையில் அது 8.8 மட்டுமே. ஆயினும் ஜப்பானில் அக்குவாவுக்குச் சாதாரணப் பெற்றோலும் எவலூஷனுக்கு உயர் ஒக்டேன் பெற்றோலும் பரிந்துரைக்கப்படுகின்றன. அக்குவாவின் எஞ்சினில் காற்று நுழையும் வால்வு தாமதமாக மூடிக்கொள்வதால், உள்வந்த கலவையில் ஒரு பகுதி வெளியே தள்ளப்பட்டு, உண்மையில் நெருக்கப்படும் அளவு குறைந்துவிடுகிறது. எவலூஷனிலோ விகிதம் தாழ்ந்திருந்தாலும் டர்போ திணிக்கும் காற்று அதை ஈடுசெய்து மிஞ்சுகிறது. டர்போ இருந்தாலே 95 வேண்டும் என்றும் முடிவுகட்ட முடியாது. 660 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஜப்பானியச் சிறு கார்களில் டர்போ பூட்டியவையும் அந்நாட்டில் சாதாரணப் பெற்றோலிலேயே ஓடுகின்றன.

ஜப்பானியத் தரநிர்ணயத்தின்படி அங்குள்ள சாதாரணப் பெற்றோலின் ஒக்டேன் எண் 89க்கும், உயர் ஒக்டேன் பெற்றோலின் எண் 96க்கும் குறையலாகாது. இந்தச் செய்தி இலங்கை உரிமையாளருக்கு இருவகையில் முக்கியமானது. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கென உருவாக்கப்பட்ட அக்குவா, விட்ஸ், வேகன் ஆர் போன்ற கார்களுக்கு இலங்கையின் 92 போதியது மட்டுமன்று, தேவைக்குச் சற்று மேலானதும்கூட. மாறாக, அந்நாட்டின் உள்ளூர்ச் சந்தைக்கென உருவான எவலூஷன், சுபாரு இம்பிரெசா எஸ்ரிஐ, ஹொண்டா சிவிக் டைப் ஆர் போன்ற கார்களுக்கு இலங்கையில் வழக்கமாகக் கிடைக்கும் மிக உயர்ந்த பெற்றோலாகிய 95கூட அவை எதிர்பார்ப்பதைவிடக் குறைவானது. இந்தியாவில் இந்தியன் ஒயில் நிறுவனம் 2020 டிசம்பரில் 100 ஒக்டேன் பெற்றோலை அறிமுகப்படுத்தியது. அத்தகைய பெற்றோலில் ஓடியதாகச் சொல்லப்படும் வலு எண்களை இலங்கையில் அப்படியே எதிர்பார்ப்பது முறையாகாது. எஞ்சினின் கணினி நிரலை மாற்றி டர்போவின் அமுக்கத்தை உயர்த்துவோர் இதை மனத்தில் இருத்த வேண்டும்: 98க்கு எழுதப்பட்ட நிரலை 95இல் ஓட்டுவது, தட்டலைப் பணம் கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

பெற்றோல் மூடியின் உட்புறத்திலுள்ள எண்ணை வாசிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒக்டேன் எண்ணை அளக்க இரண்டு முறைகள் உள்ளன. சோதனை எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டிப் பெறப்படும் ஆய்வு எண் ஒன்று. 900 சுற்றில், கலவையைச் சூடேற்றிக் கடும் நிலையில் பெறப்படும் மோட்டார் எண் மற்றொன்று. இலங்கை, இந்தியா, ஜப்பான், ஐரோப்பா ஆகியவற்றில் பம்பில் குறிக்கப்படுவது ஆய்வு எண். அமெரிக்காவில் குறிக்கப்படுவது இரண்டின் சராசரி. எனவே அமெரிக்காவின் 87, இலங்கைக் கணக்கில் ஏறத்தாழ 91 அல்லது 92. அமெரிக்கக் கையேட்டில் காணப்படும் 91, இலங்கைக் கணக்கில் 95 அல்லது 96. அமெரிக்கச் சந்தைக்கான காரின் மூடியில் 91 என்று கண்டு 92 நிரப்புபவர் தேவைக்கு மேல் நிரப்புவதாக எண்ணிக்கொள்வார்; உண்மையில் தேவைக்குக் கீழே நிரப்புகிறார்.

95 கட்டாயமான காரில் ஒருமுறை 92 நிரப்ப நேர்ந்தால் அது அங்கேயே பழுதடைந்துவிடாது. இன்றைய எஞ்சின்களில் தட்டலின் அதிர்வை உணரும் சிறு உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் சமிக்ஞையைப் பெறும் கணினி தீப்பொறி எழும் கணத்தைச் சற்றுப் பின்தள்ளித் தட்டலை அடக்குகிறது, அதனால் வலு குறைந்து எரிபொருள் செலவும் சிறிது கூடுகிறது. பாதி 92, பாதி 95 என்று கலந்தால் ஏறக்குறைய 93.5 கிடைக்கும்; மீண்டும் 95 நிரப்பும் வரை ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்காமலும், உயர்ந்த கியரில் குறைந்த சுற்றில் எஞ்சினை இழுக்கவிடாமலும் ஓட்டினால் போதும். ஆனால் உணரியை நம்பி 92ஐயே வழக்கமாக்குவது வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீளத் திறக்கப்பட்டதால், நாட்டின் கார்களில் பெரும்பகுதி வயதானவை. வயதான எஞ்சினின் உருளைக்குள் படியும் கரி, நெருக்கலையும் வெப்பத்தையும் கூட்டி, தேவைப்படும் ஒக்டேன் எண்ணையே உயர்த்திவிடும், உணரியும் பழுதாகியிருக்கலாம்.

கரையோரத்தின் இயற்கையும் இதில் பங்கு பெறுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அமுக்கம் முழுமையாக இருப்பதால் ஒவ்வோர் உறிஞ்சலிலும் உருளைக்குள் நிறைய காற்று நுழைகிறது. வெயில் காலத்தில் அக்காற்று சூடாகவும் இருக்கிறது. இரண்டும் தட்டலைத் தூண்டுபவை. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு அளவே என்பதால், டர்போ இல்லாத அதே கார் அங்கு குறைந்த ஒக்டேனில் தட்டாமல் ஓடும். மலைநாட்டில் ‘92 போதும்’ என்று ஒருவர் கண்ட அனுபவத்தை கரையோர அக்கரைப்பற்று வெயிலில் நிற்கும் காருக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது.

தரம் என்பது ஒக்டேனிலிருந்து வேறானது என்பதையும் பிரித்து அறிய வேண்டும். கந்தகத்தின் அளவை யூரோ 4 என்னும் ஐரோப்பியத் தரம் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமாகக் கட்டுப்படுத்துகிறது; எஞ்சினின் உட்புகும் வழிகளைத் தூய்மையாக வைப்பவை துப்புரவுச் சேர்க்கைகள். இவற்றின் பயன் தட்டலோடு தொடர்பில்லாதது. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் எந்த எண்ணைத் தாங்கியிருந்தாலும் தட்டும். ஒக்டேனை உயர்த்த ஈயச் சேர்மம் கலக்கும் வழக்கம் 1920களில் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவி, குழந்தைகளின் மூளைக்கும் நரம்புகளுக்கும் பெருந்தீங்கு விளைத்தது. இலங்கை 2002இலும், கடைசி நாடாக அல்ஜீரியா 2021இலும் அதைக் கைவிட்டன. போத்தலில் விற்கப்படும் ஒக்டேன் ஏற்றிகளில் சில மாங்கனீசுச் சேர்மத்தைக் கொண்டவை; அவை பிளக்கில் செந்நிறப் படிவை விடுவதால், அவற்றை வாடிக்கையாக ஊற்றுவது நல்லதன்று.

செலவைக் கணக்கிட்டால் முடிவு எளிதாகும். 2024 டிசம்பரில் ஒரு லீற்றர் 92இன் விலை 309 ரூபா, 95இன் விலை 371 ரூபா. வேறுபாடு 62 ரூபா, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 35 லீற்றர் நிரப்பினால் 2,170 ரூபா கூடுதல். 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், 92இன் விலை 470 ரூபாவுக்கும் 95இன் விலை 550 ரூபாவுக்கும் ஏறின. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் நடத்திய சோதனையில், உயர் ஒக்டேன் பரிந்துரைக்கப்பட்ட கார்களிலேயே அதனால் கிடைத்த எரிபொருள் சிக்கனம் சராசரியாக 2.7 சதவீதம் மட்டுமே. சாதாரணப் பெற்றோல் போதும் என்ற கார்களில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் கிடைக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு விலையை இந்தச் சிக்கனம் ஒருபோதும் மீட்டுத் தராது. 95 நிரப்புவதற்கு நியாயமான காரணம் எஞ்சினின் பாதுகாப்பும் அதன் முழு வலுவுமே.

ஆகவே வாகன உரிமையாளர் முதலில் பார்க்க வேண்டியது பெற்றோல் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும். கார் எந்த நாட்டுச் சந்தைக்கு உருவானது என்பதையும் அதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘கட்டாயம்’ என்றிருந்தால் 95ஐத் தவிர வேறெதையும் வழக்கமாக்கலாகாது. பொத்துவில் பக்கம் நெடுந்தூரம் புறப்படுமுன் அதை நிரப்பிக்கொள்வது நலம். ‘பரிந்துரை’ என்றிருந்தால், வெயிலிலும் பாரத்திலும் 95, மற்ற நேரங்களில் 92 என்று கொள்ளலாம். சாதாரணப் பெற்றோல் என்றிருந்தால் 92 போதும். மீதமாகும் பணத்தை எஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதற்குச் செலவிடுவதே அந்த எஞ்சினுக்கு நன்மை.