முடிவு மூணு... அடுத்த பாகம் ஒண்ணு!



சினிமாவில் க்ளைமாக்ஸில் ஹீரோ செத்தால் செத்ததுதான். (டபுள் ஆக்ட் என்றால் கதை வேறு!) கம்ப்யூட்டர் கேமில் அப்படி இல்லை. ஆடுகிறவர் எடுக்கும் முடிவுக்குத் தகுந்த மாதிரி க்ளைமாக்ஸ் மாறும். உங்கள் வீட்டில் ஹீரோயின் பிழைத்திருப்பாள். பக்கத்து வீட்டில் செத்திருப்பாள். இப்போது இரண்டாம் பாகம் எடுக்கணும். எந்த வீட்டுக் கதையைத் தொடர்வது?

1998-ல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்'டில் ஒரு சித்திரவதைக் காட்சி உண்டு. பட்டனை விடாமல் தட்டித் தாக்குப்பிடித்தால் மெரில் பிழைப்பாள். சரண்டர் ஆனால் அவள் கதை முடிந்தது. 2008-ல் வந்த நாலாம் பாகத்தில் மெரில் ஜம்மென்று உயிரோடு வருகிறாள்! கட்டைவிரல் வலி தாங்காமல் சரண்டர் ஆகி, அப்புறம் ராத்திரி பூரா வருத்தப்பட்ட என்னை மாதிரி ஆளுங்க கதி? "நீ ஆடினது கணக்கில் இல்லை தம்பி" என்று அர்த்தம். செலவு இல்லாத வழிதான், ஆனால் மனசு ஆறாது.

1996-ல் வந்த 'டாகர்ஃபால்' கேமுக்கும் பல முடிவுகள். பின்னால் வந்த பாகங்களில், அந்த நேரத்தில் காலமே உடைந்துபோய் எல்லா முடிவும் ஒன்றாகவே நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். கில்லாடித்தனம்! ஆனால் இதை ஒரு தடவைதான் செய்யலாம்.

"எல்லா முடிவையும் தனித்தனியா தொடர்ந்தா என்ன?" என்பீர்கள். கணக்குப் போடுங்கள். 3 முடிவு, ஒவ்வொன்றிலும் மறுபடி 3 என்றால் 9; மூன்றாம் பாகத்தில் 27. பத்து யெஸ்-நோ கேள்வி இருந்தால் 2-ன் அடுக்கு 10, அதாவது 1024 நிலைகள். சேமித்து வைக்க 10 பிட் போதும், இரண்டு பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் 1024-க்கும் யார் வசனம் எழுதுவது? யார் குரல் கொடுப்பது? டெஸ்டிங் பண்ணுகிறவன் பாவம் இல்லையா?

இங்கேதான் 'மாஸ் எஃபெக்ட்' எனக்குப் பிடிக்கிறது. முதல் பாகம் 2007. அதில் ரெக்ஸ் என்ற வீரனைச் சாகவும் விடலாம், பேசிக் காப்பாற்றவும் செய்யலாம். 2010-ல் வந்த இரண்டாம் பாகம் உங்கள் பழைய சேவ் ஃபைலைப் படித்துப் பார்க்கும். ரெக்ஸ் இருந்தால் அவன்தான் கூட்டத்துக்குத் தலைவன், வாய் நிறைய வரவேற்பான். இல்லையென்றால் அதே நாற்காலியில் அவன் உடன்பிறப்பு ரீவ் உட்கார்ந்து முறைப்பான். ரோடு ஒன்றுதான், டிரைவர்தான் வேறு. பி.எஸ்.3-ல் அப்போது முதல் பாகமே கிடையாது. அதனால் 2011-ல் அதற்கு வந்த பதிப்பில் ஒரு காமிக்ஸ் காட்டி, முக்கியமான முடிவுகளை நம்மிடமே கேட்டுக்கொண்டார்கள்.

ஆக, முதல் பாகம் எழுதும்போதே யோசிக்கணும். யார் செத்தாலும் அவர் நாற்காலிக்கு இன்னொருத்தர் வேண்டும். எந்த முடிவை ஃபைலில் குறித்து வைப்பது என்பதையும் அன்றைக்கே தீர்மானிக்கணும். குறிக்காமல் விட்டதைப் பிற்பாடு தேடி எடுக்க முடியாது.

நாங்கள் நாலு பேர் ப்ராஜெக்டுக்கு ஒரு சின்ன கேம் எழுதினோம். கடைசியில் படகோட்டியைக் காப்பாற்றலாம், விட்டுவிட்டும் போகலாம். அடுத்த பாகம் என்றதும் சண்டை! "செத்துட்டான்னே வச்சுக்குவோம், ஈஸி" என்றான் ஒருத்தன். ரெண்டு நாள் பேச்சு வார்த்தை கிடையாது. கடைசியில் படகோட்டிக்கு ஒரு தங்கச்சியை உண்டாக்கினோம். அண்ணன் இல்லாத வீட்டில் அவள் துடுப்புப் போடுவாள். ஆனால் காசு வாங்கமாட்டாள், நம்மோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டாள்.