மலிவு மையின் கணக்கு: 16 தாளுக்கு மேலா, கீழா?

பாஸ்போர்ட் படம் அடிக்கும் சிறு ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையத்துக்குப் பக்கத்துக் கடை என்று தமிழ்நாட்டில் எங்கே போனாலும் மேசைமேல் அடிக்கடி கண்ணில் படுகிற இயந்திரங்கள் எப்சன் எல்800, எல்805, அண்மைக்காலமாக எல்8050. ஆறு வண்ண மை. உடம்போடு ஒட்டிய டேங்க். கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் வெளியே டேங்க் கட்டி ஓட்டும் பழக்கம் ஆசியச் சந்தையில் பரவியிருந்ததைப் பார்த்து, எப்சனே 2010-ல் இந்தோனேசியாவில் தன் டேங்க் பிரிண்டரை இறக்கியது. கம்பெனி டேங்க் வைத்ததும் கடைக்காரர் அடுத்த படிக்குப் போனார்: டேங்க் எப்சனுடையது, மை வேறொருவருடையது.

அந்த ‘காம்பேட்டிபிள்’ மையால் உண்மையில் எவ்வளவு மிச்சம்? பாட்டில் விலையை மட்டும் பார்த்தால் விடை சுலபம். ஹெட், தாள், கிளீனிங் மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் விடை கடைக்குக் கடை மாறுகிறது.

இயந்திரத்தின் எண்கள்

எல்805-க்கான ஒரிஜினல் பாட்டில் 70 மி.லி. கருப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள், லைட் சியான், லைட் மெஜந்தா என ஆறு பாட்டில். மொத்தம் 420 மி.லி. இந்த ஒரு செட்டுக்கு எப்சன் சொல்லும் அளவு 4×6 அங்குலத்தில் சுமார் 1,800 படம். வகுத்தால் ஒரு படத்துக்கு 0.23 மி.லி.

ஹெட்டில் வண்ணத்துக்கு 90 நாஸில். ஆறு வண்ணத்துக்கு 540. மிகச் சிறிய துளி 1.5 பிக்கோலிட்டர். ஒரு மி.லி. மையில் அப்படி 66 கோடிக்கும் மேற்பட்ட துளிகள். இவ்வளவு நுண்ணிய வழியில் தூசியோ காய்ந்த மையோ காற்றோ எது புகுந்தாலும் துளி நின்றுவிடும்.

4×6 தாளில் 3.5×4.5 செ.மீ. பாஸ்போர்ட் படம் எட்டு பிடிக்கும்.

விலைக் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். அதனால் இங்கே முழு எண்களாக வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் உள்ளதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரிஜினல் 70 மி.லி. பாட்டில் 600 ரூபாய், காம்பேட்டிபிள் 100 மி.லி. பாட்டில் 150 ரூபாய், 4×6 ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) போட்டோ தாள் ஒன்று 3 ரூபாய், ஹெட் மாற்றக் கூலியோடு 7,000 ரூபாய்.

- ஒரிஜினல் செட்: 6 × 600 = 3,600 ரூபாய். 1,800 படத்துக்கு வகுத்தால் படத்துக்கு 2 ரூபாய்.
- காம்பேட்டிபிள்: மி.லி. 1.50 ரூபாய். படத்துக்கு 35 பைசா.
- மிச்சம்: தாளுக்கு 1.65 ரூபாய். பாஸ்போர்ட் படம் ஒன்றுக்கு 21 பைசாவுக்குக் கொஞ்சம் குறைவு.

எட்டுப் படத்துக்கு வாடிக்கையாளரிடம் 60 ரூபாய் வாங்கும் கடையில் இந்த 1.65 ரூபாய் பில்லில் 2.75 சதவீதம். மையில் 82 சதவீதம் மிச்சம் என்று பாட்டில் விற்பவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கடையின் கல்லாவில் அது மூன்று சதவீதத்தைத் தொடவில்லை.

மூன்று கடைகள்

மாதம் 25 வேலைநாள் என்று வைத்து மூன்று அளவுக் கடைகளைப் பார்ப்போம். மலிவு மையால் கூடுதலாக நூற்றுக்கு 5 தாள் வீணாகிறது என்றும் கொள்வோம். வீணாகும் தாளின் விலை மையோடு 3.35 ரூபாய்.

- சிறிய கடை, நாளுக்கு 5 தாள்: வருடம் 1,500. மை மிச்சம் 2,475; வீண் தாள் 251; கையில் நிற்பது 2,224 ரூபாய்.
- நடுத்தரக் கடை, நாளுக்கு 20 தாள்: வருடம் 6,000. மிச்சம் 9,900, வீண் 1,005, நிற்பது 8,895 ரூபாய்.
- பெரிய கடை, நாளுக்கு 60 தாள்: வருடம் 18,000. மிச்சம் 29,700, வீண் 3,015, நிற்பது 26,685 ரூபாய்.

வீண் தாள் ஆளைக் கவிழ்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு நல்ல தாளுக்கு ஒன்று வீணானால்தான் மை மிச்சம் கரையும். கவிழ்ப்பது ஹெட். 7,000 ரூபாயை ஈட்டப் பெரிய கடைக்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல் போதும். நடுத்தரக் கடைக்கு ஒன்பதரை மாதம். சிறிய கடைக்கு மூன்று வருடம் இரண்டு மாதம்.

சிறிய கடையின் ஓர் ஆண்டு ஒரிஜினல் மைச் செலவே 3,000 ரூபாய்தான். ஒரு ஹெட் விலையில் பாதிகூட இல்லை. மேலும், நாஸில் அடைப்பது ஓடாத இயந்திரத்தில்தான் அதிகம். குறைவாக அச்சடிப்பவருக்கு மிச்சமும் குறைவு, ஆபத்தும் கூடுதல்.

லிட்டர் பாட்டில் ஆசை

லிட்டராக வாங்கினால் இன்னும் மலிவு என்பார்கள். ஆறு வண்ணமும் லிட்டர் லிட்டராக வாங்கினால் 6,000 மி.லி.; அதாவது சுமார் 25,700 படம். நடுத்தரக் கடைக்கு நாலு வருடத்துக்கு மேல் வரும். சிறிய கடைக்குப் பதினேழு வருடம்! கார்ட்ரிட்ஜைப் பிரித்தால் ஆறு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்வது எப்சனின் வழக்கம். 100 மி.லி. செட்டே சிறிய கடைக்கு இருபது மாதம் ஓடும். ஆள் படத்தில் லைட் மெஜந்தாவும் லைட் சியானும் முதலில் தீரும். கருப்பு கடைசிவரை கிடக்கும். எல்லா வண்ணத்தையும் ஒரே அளவில் வாங்குவதும் வீண்தான்.

கிளீனிங் என்னும் ஓட்டை

மெக்கானிக்குக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “அண்ணே, காலையிலேர்ந்து மூணு கிளீனிங் குடுத்துட்டேன், இன்னும் லைன் வருது.”

ஒரு கிளீனிங்குக்கு ஆறு வண்ணமும் சேர்ந்து 2 மி.லி. போகிறது என்று வையுங்கள். ஒரிஜினலில் 17 ரூபாய் போவதால் கை தயங்கும். காம்பேட்டிபிளில் 3 ரூபாய், கை தயங்காது. நாளுக்கு மூன்று வீதம் 300 நாளில் 900 கிளீனிங், 1,800 மி.லி., 2,700 ரூபாய். சிறிய கடையின் ஆண்டு மிச்சம் 2,475-ஐ இந்தப் பட்டன் ஒன்றே தின்றுவிட்டது. அந்த மையில் 7,700 படம் அடித்திருக்கலாம்.

அந்த மை போய்ச் சேரும் இடம் வேஸ்ட் இங்க் பேடு. அதற்கு ஒரு கவுன்ட்டர் உண்டு. அளவு முட்டினால் இயந்திரம் நின்றுவிடும். சாஃப்ட்வேரில் கவுன்ட்டரை மட்டும் ரீசெட் செய்து பேடை மாற்றாமல் விட்டால் அடியில் மை கசியும். வெளியே குழாய் இழுத்துப் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: பாட்டிலை வாரம் ஒருமுறை தராசில் வைத்தால் எவ்வளவு மை வீணாகிறது என்று தெரியும். ஒரு மி.லி. மை ஏறக்குறைய ஒரு கிராம்.

எப்சனின் டேங்க் பிரிண்டர் கையேடு சொல்லும் ஒழுங்கு இது: நாஸில் செக், கிளீனிங் என்று மூன்று முறை செய்தும் தீராவிட்டால் 12 மணி நேரமாவது சும்மா விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் பவர் ஃபிளஷிங். அதற்கு ஒவ்வொரு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். குறைந்தால் குழாயில் காற்று ஏறும்.

நாஸில் செக்கைப் படிக்கும் முறை

கிளீனிங் கொடுக்குமுன் நாஸில் செக் தாளில் எந்தப் படிக்கட்டுக் கோடு விட்டிருக்கிறது என்று பேனாவால் வட்டமிடுங்கள். அடுத்த தாளை அதன் பக்கத்தில் வையுங்கள். மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் கண்ணுக்குத் தெரியாது. போன் திரையில் முழு நீல நிறத்தை வைத்து, இருட்டில் அந்த வெளிச்சத்தில் பிடித்தால் கறுத்துத் தெரியும்.

- இரண்டு தாளிலும் அதே கோடுகள் இல்லை: காய்ந்த அடைப்பு.
- ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு கோடுகள் விடுகின்றன: காற்று. டேம்பரையும் (ஹெட்டுக்கு மேலே மை வந்து சேரும் சிறு அறை) குழாய் இணைப்பையும் பாருங்கள். கிளீனிங் இதைத் தீர்க்காது.
- செக் சரி, படத்தின் பாதியில் ஒரு வண்ணம் மெலிகிறது: மை வந்து சேரவில்லை. எல்800, எல்805-ல் இயந்திரத்தை நகர்த்தும்போது திருப்பும் ‘டிரான்ஸ்போர்ட்’ பூட்டு திரும்பவும் அச்சு நிலைக்கு வந்திருக்கிறதா? டேங்க் அடிக்கோட்டுக்குக் கீழே போயிருக்கிறதா?
- கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மோசமாகிறது: ஓய்வில் ஹெட்டை மூடும் கேப்பிங் ஸ்டேஷன் ரப்பரில் மை கட்டியிருக்கிறது, அல்லது பம்ப் இழுக்கவில்லை.
- செக் முழுசு, படத்தில் சீரான இடைவெளியில் பட்டை: ஹெட் அலைன்மென்ட்.
- செக் முழுசு, நிறம் மட்டும் தப்பு: மையை விட்டு, தாள் வகையையும் ஐ.சி.சி. புரொஃபைலையும் (மைக்கும் தாளுக்கும் ஏற்ற நிறக் கணக்குக் கோப்பு) பாருங்கள்.

540-ல் 5 கோடு போனால் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த ஐந்தும் லைட் மெஜந்தாவிலேயே போனால் அந்த வண்ணத்தில் ஐந்தரை சதவீதம். உயர்தர அச்சில் ஹெட் ஒரே இடத்தைப் பலமுறை கடப்பதால் சில கோடு போனால் மறைந்துவிடும். முகம் பச்சையடிக்காதவரை வேலையை முடித்துவிட்டு இரவில் பார்க்கலாம். லைட் மெஜந்தா முழுசாக நின்றால் முகம் பச்சையடிக்கும். லைட் சியான் நின்றால் சிவந்து போகும்.

நிறம் மாறுவதற்கு இன்னொரு காரணம் இரட்டைத் திருத்தம்: போட்டோஷாப்பும் நிறத்தைத் திருத்துகிறது, டிரைவரும் திருத்துகிறது. ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டும். எப்சன் டிரைவரின் கணக்கு எப்சன் மைக்குப் போட்டது. வேறு மைக்கு அந்த மையிலும் அந்தத் தாளிலும் எடுத்த புரொஃபைல் வேண்டும். மையின் பிராண்டை மாற்றினால் புரொஃபைலும் போச்சு.

கார்ட்ரிட்ஜ்காரர்களுக்கு

கேனன் புரோ-100-ல் 8 கார்ட்ரிட்ஜ், தலா 13 மி.லி.; மொத்தம் 104 மி.லி. எப்சன் பி600-ல் 9, தலா 25.9 மி.லி.; மொத்தம் 233 மி.லி. 100 மி.லி. பாட்டில் ஒன்றில் 13 மி.லி. கார்ட்ரிட்ஜை ஏழு தடவை நிரப்பலாம். டேங்க்காரரைவிட இவர்களுக்கு ரீஃபில் மிச்சம் அதிகம், தொல்லையும் அதிகம்.

தொல்லையின் பெயர் சிப். அது மையை அளப்பதில்லை. அடித்த துளியை எண்ணிக் கழிக்கிறது. ரீசெட் செய்த சிப் “மை இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருக்க, உள்ளே தீர்ந்துவிடலாம். கேனனின் ஹெட் சூட்டால் துளி தள்ளுவது. மை இல்லாமல் ஓடினால் ஹெட் சூடேறிப் பொசுங்கும். எப்சன் ஹெட் பீசோ வகை. சூடு இல்லை, ஆனால் காற்று குடிக்கும். இரண்டிலும் சிப்பை நம்பாமல் எடை பார்ப்பது நல்லது.

2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் ஆபீஸ்ஜெட் வரிசைப் பிரிண்டர்கள் பல, அதுவரை ஓடிக்கொண்டிருந்த வேற்றுக் கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்தன. கார்ட்ரிட்ஜ் கெடவில்லை, ஃபர்ம்வேர் மறித்தது. வேற்றுக் கார்ட்ரிட்ஜ் போடுபவர் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைப்பது நல்லது.

நிறம் நிற்குமா?

டை மை (சாயம் கரைந்த மை) வெயிலுக்கு மட்டுமல்ல, காற்றிலுள்ள ஓசோனுக்கும் வெளுக்கும். 2000-ல் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் கம்பெனி மையிலும் கம்பெனித் தாளிலும் அடித்த படங்களே சில வாரத்தில் ஆரஞ்சாக மாறின. சியான் முதலில் போனது. ஆகவே ஒரிஜினல் என்ற பெயரே உத்தரவாதம் ஆகாது. ஒரு படத்தின் பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் மையும் தாளும் பதில் சொல்லும். ஆல்பத்துக்கும் ஃபிரேமுக்கும் போகும் படத்தை லேமினேட் செய்துவிடுவதே பாதுகாப்பு.

காசில்லாத காவல்

கடை பூட்டும்போது மெயின் சுவிட்சை அமுக்கி எல்லாவற்றையும் அணைக்கும் வழக்கம் பல ஹெட்டுகளைக் கொன்றிருக்கிறது. பிரிண்டரின் பட்டனை அழுத்தி, ஹெட் ஓரம் போய் மூடிக்கொண்ட பிறகுதான் மெயின். தினமும் ஆறு வண்ணமும் ஓடும் ஒரு சிறு படம் அடித்தால் மலிவு மையில் 35 பைசா. வருடத்துக்கு 128 ரூபாய். டை மை ஊற்றிய டேங்கில் பிக்மென்ட் (நிறமித் துகள்) மையைக் கலக்கவே கூடாது.

தீர்ப்பு

மலிவு மையால் ஆண்டுக்கு ஒரு ஹெட் போகும் என்று வைத்துக்கொண்டால், அதை ஈடுகட்ட வருடத்துக்கு 4,700 தாளுக்கு மேல் அச்சடிக்க வேண்டும், நாளுக்கு 16. அதற்குக் கீழே அடிப்பவர் ஒரிஜினலே வாங்கட்டும்; வருடத்துக்கு 3,000 முதல் 9,400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதற்கு மேலே அடிப்பவர் காம்பேட்டிபிள் வாங்கலாம்: ஒரே பிராண்டு, 100 மி.லி. பாட்டில், அந்த மைக்கான புரொஃபைல், ஹெட்டுக்கென்று மாதம் 600 ரூபாய் தனியே எடுத்துவைப்பது என்ற நாலு நிபந்தனையோடு. அந்த 600 ரூபாயை எடுத்துவைத்த பிறகும் மிச்சம் தெரிந்தால்தான் அது லாபம்.